ரொட்டியின் மூக்கு

எங்கள் வீட்டில் பீன்ஸ் என்றால் பச்சைக் காய் இல்லை, காய்ந்த வெள்ளைக் கொட்டை. செவ்வாய்க்கிழமை காலையில் ஊறப்போட்டு, சாயங்காலம் அரை வேக்காடாக எடுத்து, வெங்காயம், தக்காளி, வெல்லப்பாகு, கடுகுப் பொடி, உப்பு எல்லாம் சேர்த்து, ஒரு பெரிய மண்சட்டியில் போட்டு மூடி, எங்கள் பேக்கரி அடுப்புக்குள் தள்ளிவிடுவோம். புதன்கிழமை கடைக்கு வார விடுமுறை. செவ்வாய் சாயங்காலம் கடைசி ரொட்டி வெளியே வந்ததும் நெருப்பை எடுத்துவிடுவார்கள். ஆனால் செங்கல் அடுப்பு லேசில் ஆறாது. அந்தச் சூடு வீணாகிறதே என்று இந்தக் குடும்பத்தில் யாருக்கோ மனசு கேட்காமல் ஆரம்பித்த வேலை இது. மறுநாள் காலையில் சட்டியை இழுத்தால் கொட்டை முழுசாக இருக்கும், நாக்கில் வைத்தால் கரைந்துவிடும். புதன்கிழமை மத்தியானம் எங்களுக்கு அதுதான் சாப்பாடு.

நான் இந்த வீட்டின் மூத்த மருமகள். என் பிறந்த வீட்டில் பீன்ஸ் என்பது டின்னில் வரும். டின்னைத் திறப்போம், சுட வைப்போம், தின்போம், அவ்வளவுதான். கல்யாணமாகி வந்த புதிதில், மாமியார் சட்டியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, "இதுக்கு எதுக்கு அத்தை இவ்வளவு பாடு? டின்லயே கிடைக்குதே" என்று கேட்டுத் தொலைத்தேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்புறம் பேசியபோது "வாயாடி, இங்க வா" என்றார். அன்றிலிருந்து இந்த வீட்டில் என் பேர் அதுதான். வாடிக்கையாளர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். கல்லாவில் உட்காருகிறவளுக்கு வாய் இல்லாவிட்டால் ஆகுமா என்று நானும் விட்டுவிட்டேன்.

சட்டி ஒன்று, ஆள் ஐந்து, ஆளுக்கொரு ருசி. மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, பீன்ஸ் மேல் ஒரு முட்டை பொரித்துப் போட்டு மிளகுத்தூள் தூவ வேண்டும். மஞ்சள் கரு உடைந்துவிட்டால் அன்றைக்கு முழுக்க முகத்தை உம்மென்று வைத்திருப்பார். கொழுந்தன் ரொட்டித் துண்டில் பரப்பி, சீஸ் துருவிப் போட்டு, அடுப்பு வாயில் வைத்து உருக்கி எடுப்பான். நாக்கைச் சுட்டுக்கொள்ளாமல் அவன் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அத்தைக்கு மட்டும் சட்டியின் உள்பக்கம் ஒட்டிக் கறுத்து இறுகிக் கிடக்கும் சுரண்டல்தான் வேண்டும். எல்லோரும் எழுந்த பிறகு சட்டியை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு, கரண்டியால் சுரண்டிச் சுரண்டி, டீயோடு தின்பார். யாராவது பங்கு கேட்டால் கரண்டியாலேயே ஒரு அடி விழும். எனக்குச் சூடு ஆகாது. மறுநாள் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, பச்சை வெங்காயம் அரிந்து போட்டு, எலுமிச்சை பிழிந்து, சில்லென்று சாப்பிடுவேன். "செத்த பீன்ஸைத் திங்கிறா பாரு" என்பார் என் வீட்டுக்காரர்.

அவருடைய ருசிதான் எல்லாவற்றிலும் வம்பு பிடித்தது. ரொட்டியின் முனைத் துண்டை நாங்கள் விற்பதில்லை. வாங்குகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். எங்கள் வீட்டில் அதற்கு மூக்கு என்று பேர். நீள ரொட்டியின் மூக்கை ஒரு விரல் உயரத்துக்கு வெட்டி, உள்ளே இருக்கும் பஞ்சை விரலாலேயே தோண்டி எடுக்க வேண்டும். எடுத்ததில் பாதியை அடியில் அமுக்க வேண்டும், அப்போதுதான் சாறு ஒழுகாது. உள்பக்கம் வெண்ணெய் தடவி, அடுப்பு வாயில் கொஞ்சம் காட்டி, சட்டியின் நடுவிலிருந்து பீன்ஸ் எடுத்து நிரப்பி, மிச்சப் பஞ்சை மூடியாக வைக்க வேண்டும். தட்டில் வைத்தால் சாய்ந்துவிடும் என்று அதை ஒரு எவர்சில்வர் டம்ளரில் நிறுத்தி வைக்க வேண்டும். இத்தனையும் செய்வது அவருடைய அம்மா. இவர் செய்வதெல்லாம் வந்து உட்கார்ந்து, நாலு கடியில் முடித்துவிட்டு, டம்ளரின் அடியில் ஒழுகி நிற்பதை அண்ணாந்து குடிப்பதுதான். ராஜா வீட்டுப் பிள்ளை.

கடைகளுக்கு ரொட்டி கொண்டுபோகும் வேனை அவர்தான் ஓட்டினார். விடுமுறை நாளிலும் அவருக்கு வேலை உண்டு. காலி ட்ரேக்களைக் கடை கடையாகத் திரட்டிக்கொண்டு வர வேண்டும். அதனால் புதன்கிழமை சாப்பாட்டுக்கு எப்போதும் பிந்தித்தான் வருவார். காலையில் சட்டியை வெளியே இழுக்கும்போதே மாமா ஒரு மூக்கை வெட்டி, அடுப்புக்கு மேலே இருக்கும் பலகையில் வைத்துவிடுவார். பலகையில் மூக்கு இருந்தால் அவர் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். வீட்டில் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை, அண்ணாந்து பார்த்தால் போதும்.

ஒரு மழை நாளில், ஒரு வளைவில் வேன் சறுக்கிக் கவிழ்ந்தது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. காலி ட்ரேக்கள் ரோடு முழுக்கக் கிடந்ததாகக் கொழுந்தன் சொன்னான். அவன்தான் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தான்.

அத்தைக்கு அதற்கு முன்பே மறதி ஆரம்பித்திருந்தது. ஈஸ்ட் டப்பாவை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் பாத்ரூமில் தேடுவார். ஆனால் மகன் போனது அவருக்குத் தெரிந்தது. எங்களைப் போலவே கதறினார், எங்களைப் போலவே சாப்பிடாமல் கிடந்தார். கடையை மறுபடி திறந்து, முதல் புதன்கிழமை வந்தபோதுதான் அது நடந்தது. சட்டியை இழுத்து வைத்த கையோடு மாமா ஒரு ரொட்டியை எடுத்தார், மூக்கை வெட்டினார், பலகையில் வைத்தார். மனுஷன் நினைத்துச் செய்யவில்லை. அந்தக் கை அத்தனை வருஷமாகச் செய்து பழகிய வேலை. வைத்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. எடுத்துவிட எட்டினார். அதற்குள் அத்தை உள்ளே வந்து அண்ணாந்து பார்த்துவிட்டார்.

"வண்டி இன்னும் வரலையா?" என்றார். "மழைல எங்கயாவது மாட்டிக்கிட்டானோ என்னவோ."

அவர் முகத்தில் அத்தனை நாள் இருந்த அழுகை ஒரே நொடியில் துடைத்த மாதிரி காணாமல் போயிருந்தது. மாமாவின் கை பாதியில் நின்றது. கொழுந்தன் வாயைத் திறந்தான். நான் அவன் காலை ஓங்கி மிதித்தேன்.

"வந்துடுவாரு அத்தை" என்றேன்.

அத்தை டம்ளரை எடுத்துக் கழுவப் போனார்.

அப்படி ஆரம்பித்தது. வாரத்தில் மற்ற நாட்களில் அத்தை அவரைப் பற்றிக் கேட்க மாட்டார். புதன்கிழமை வந்து, பலகையில் மூக்கைப் பார்த்துவிட்டால் மட்டும் மகன் உயிரோடு ரோட்டில் வந்துகொண்டிருப்பான். பஞ்சைத் தோண்டி, வெண்ணெய் தடவி, நிரப்பி, டம்ளரில் நிறுத்தி, தட்டால் மூடி வைத்துவிட்டுப் படுக்கப் போவார். எழுந்து வருவதற்குள் டம்ளர் காலியாக இருக்க வேண்டுமே. அதைத் தின்பது என் வேலையாயிற்று. எனக்குச் சூட்டு பீன்ஸே பிடிக்காது, அதிலும் வெண்ணெய் ஒழுகும் ரொட்டியோடு. முதல் தடவை மாவு மூட்டைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அழுதுகொண்டே விழுங்கினேன்.

"வந்து சாப்பிட்டானா?" என்று எழுந்து வந்து கேட்பார் அத்தை. "என்னை எழுப்பியிருக்கலாம்ல?"

"நீங்க அசந்து தூங்குறீங்க, எழுப்ப வேணாம்னு சொல்லிட்டாரு அத்தை."

"ருசி எப்படி இருந்துச்சாம்?"

"உப்பு ஒரு கல்லு கம்மின்னாரு."

"அவனுக்கு எப்பவும் ஒரு கல்லு கம்மிதான்" என்று சந்தோஷமாகத் திட்டுவார்.

டாக்டரிடம் கேட்டோம். எதிர்த்துப் பேசாதீர்கள், அவர் போக்கிலேயே விடுங்கள் என்றார். கொழுந்தனுக்கு மட்டும் பொறுக்கவில்லை. ஒருநாள் மாவு பிசைந்துகொண்டே, "எத்தனை நாளைக்கு அண்ணி இந்த நாடகம்? எனக்கு ஒவ்வொரு புதன்கிழமையும் அண்ணன் திரும்பச் சாகிற மாதிரி இருக்கு" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "உனக்குச் சாகிறாரு. எனக்கு வாரத்துல அந்த ஒரு நாள்தான் இருக்காரு. உன் மாவைப் பாரு" என்றேன். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது.

உண்மைதான். ஊரில் அவர் பேரை யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் நான் உடைந்துவிடுவேனோ என்று பயம். வாடிக்கையாளர்கள் மீதிச் சில்லறையைக்கூட என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போவார்கள். என் அம்மா போன் பண்ணினால், "வயசு இருக்கு, எத்தனை நாள் அங்கயே கிடப்ப?" என்று ஆரம்பிப்பார். "இந்த வாரத்துக்கு பீன்ஸ் ஊறப்போட்டாச்சும்மா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுவேன். இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் என்னிடம், "எங்கடி உன் புருஷன்? இன்னும் காணோமே" என்று உரிமையாகக் கோபித்துக்கொண்டது. அந்தக் கேள்விக்காக நான் வாரம் முழுக்கக் காத்திருந்தேன். அத்தை கேட்டால் நானும் அவரைப் பற்றிக் குறை சொல்வேன். சட்டையைக் கழற்றிய இடத்திலேயே போடுகிறார், வண்டியில் பாட்டை அலற விடுகிறார் என்பேன். அத்தை என் பக்கம் சேர்ந்துகொண்டு திட்டுவார். எவ்வளவு நிம்மதியாக இருக்கும் தெரியுமா, புருஷனைக் குறை சொல்லக் கிடைப்பது. மாவு மூட்டைக்குப் பின்னால் நின்று தின்றது போய், அவர் உட்காரும் ஸ்டூலிலேயே உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தேன். டம்ளரில் ஒழுகியதை அவரைப் போல அண்ணாந்து குடித்தேன். சூட்டு பீன்ஸ் எனக்கு எப்போது பிடித்துப்போனதோ தெரியவில்லை.

மாமா இது எதையும் பற்றிப் பேசவில்லை. சட்டியை இழுப்பார், மூக்கை வெட்டுவார், வைப்பார். முதல் தடவை கை செய்தது, அதற்குப் பிறகு அவர் செய்தார். வைத்துவிட்டுப் பலகையைத் துடைப்பது போல் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பார்.

இப்படியே போயிருந்தால் எங்களுக்குப் போதும். மறதி அப்படி விட்டுவைக்குமா? ஒரு புதன்கிழமை எல்லோரும் உட்கார்ந்திருக்கிறோம். மாமாவுக்கு முட்டை வந்தாயிற்று, கொழுந்தன் நாக்கைச் சுட்டுக்கொண்டாயிற்று. அத்தை நிமிர்ந்து பலகையைப் பார்த்தார். நான் கேள்விக்குத் தயாராக இருந்தேன். அத்தை எட்டி அந்த மூக்கை எடுத்தார், இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இது எதுக்கு இங்க கிடக்கு?" என்றார். "யாரும் திங்காத துண்டு." ரஸ்க்குக்குப் போகும் கூடையில் அதை வீசிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மாமா முட்டையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். பின்பக்கக் குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் கை கழுவினார்.

அடுத்த புதன்கிழமை நான் விடவில்லை. மூக்கைக் கொண்டுபோய் அத்தையின் கையிலேயே கொடுத்தேன். "உங்க பெரிய பையனுக்கு அத்தை. வண்டி வர்ற நேரம்" என்றேன். அத்தை என்னைப் பார்த்தார், கொழுந்தனைப் பார்த்தார். "இவன்தானே என் பையன்?" என்றார். "ஆமா, இவர் சின்னவர். பெரியவருக்கு" என்றேன். "எனக்கு ஒரே பையன்தானே" என்று மாமாவிடம் சந்தேகம் கேட்டார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்ல? நோயாளி என்று தெரியும், பாவம் என்று தெரியும். தெரிந்தும், அந்தத் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது. பெற்ற நீங்களே மறந்துவிட்டால் நான் அந்த மனுஷனை எங்கே கொண்டுபோய் வைப்பேன் என்று கத்த வேண்டும் போல் இருந்தது. மாவு மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அன்றைக்குத் தின்பதற்கு அங்கே என்னிடம் ஒன்றும் இல்லை.

"இனிமே ஊறப்போட வேணாம்மா" என்றார் மாமா, அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில். "அவளுக்கும் தெரியல. நமக்கு எதுக்கு?"

"ஊறப்போட்டாச்சு மாமா" என்றேன். போடவில்லை. சொல்லிவிட்டுப் போய்ப் போட்டேன்.

மறுநாள் காலையில் மாமா சட்டியை இழுத்து வைத்துவிட்டு, ரொட்டியையும் கத்தியையும் தொடாமல் வெளியே போய்விட்டார். கொழுந்தன் ட்ரே எடுக்கப் போயிருந்தான். நான் ஒரு ரொட்டியை எடுத்து மூக்கை நானே வெட்டினேன். பலகையில் வைக்கவில்லை. இனி யார் அண்ணாந்து பார்க்கப் போகிறார்கள் என்று மேஜையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தை வந்து எதிரே உட்கார்ந்தார். என்னை உற்றுப் பார்த்தார். நல்ல பார்வை, புது ஆளைப் பார்க்கிற மரியாதையான பார்வை.

"நீ யாரு வீட்டுப் பொண்ணும்மா?" என்றார். "இங்க வேலைக்குச் சேர்ந்திருக்கியா?"

வாயாடி என்று பேர் எடுத்தவளுக்கு வாய் வரவில்லை. "ஆமாங்க" என்றேன், எப்படியோ.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"புருஷன் என்ன பண்றாரு?"

"வேன் ஓட்டுறாரு. ரொட்டி சப்ளை." அவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். என்னால் முடியவில்லை. "இன்னும் வரல. வர்ற நேரந்தான்."

"அதான் முகம் வாடிக் கிடக்கா? வந்துடுவாரும்மா, ரோட்டுல எத்தனை தொல்லை." மேஜை மேல் கையூன்றி எழுந்தார். "பசியோட வருவாரு. அவருக்குன்னு ஏதாவது எடுத்து வச்சியா? என்ன பிடிக்கும் அவருக்கு?"

நான் மூக்கை அவர் பக்கம் நகர்த்தினேன். "இதைத் தோண்டணும்" என்றேன். "விரலால. பஞ்சுல பாதியை அடியில அமுக்கணும், ஒழுகாம இருக்க." ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அத்தை கவனமாகக் கேட்டுக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி செய்தார். வெண்ணெய் எவ்வளவு என்று கேட்டார். அடுப்பு வாயில் எவ்வளவு நேரம் காட்ட வேண்டும் என்று கேட்டார். "நடுவுல இருந்து எடுக்கணும், ஓரத்துல இருந்து வேணாம்" என்றேன். நடுவிலிருந்து எடுத்தார். நிரப்பி, பஞ்சை மேலே மூடி, விரலை நக்கிப் பார்த்தார்.

"நல்லா இருக்கே" என்றார். "உனக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?"

"அவங்க அம்மா."

"புருஷனோட அம்மாவா? கெட்டிக்காரிதான். இப்ப இருக்காங்களா அந்தம்மா?"

நான் பதில் சொல்வதற்குள் அத்தை அலமாரிக்குப் போயிருந்தார். எவர்சில்வர் டம்ளர் ஒன்றை எடுத்தார், துண்டால் உள்ளே துடைத்தார், மூக்கை அதில் நிறுத்தினார். சாய்கிறதா என்று லேசாகத் தட்டிப் பார்த்தார். டம்ளரைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

"இருக்காங்க" என்றேன்.

"அப்ப அவங்களுக்கும் கொஞ்சம் எடுத்து வைம்மா. பிள்ளை சாப்பிடுறப்ப பக்கத்துல உக்காந்து சாப்பிடட்டும்."

சட்டியைச் சாய்த்தேன். கண் மறைத்தது, அதனால் கையால் தடவித்தான் சுரண்ட முடிந்தது. ஓரத்தில் கறுத்து இறுகியதாகப் பார்த்துச் சுரண்டி, ஒரு தட்டில் போட்டு, டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரு டீயும் போட்டு வைத்தேன்.

அத்தை தட்டைப் பார்த்தார். கொஞ்சம் கூச்சத்தோடு சிரித்தார்.

"இதையா சாப்பிடுவாங்க அவங்க? எனக்கும் இதுதான் பிடிக்கும்."

"நீங்க சாப்பிடுங்க அத்தை" என்றேன். "அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."